பழைய காரின் சிறு மாதிரி: கொழும்பில் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு சாம்பல் நிற மொறிஸ் மைனர் நின்றது. முன்பக்க இடது மட்கார்ட் மட்டும் வேறு சாம்பல். எங்கோ இடித்து, டிங்கரிங் செய்து, சரியான நிறம் கிடைக்காமல் கிட்டத்தட்ட ஒத்த நிறத்தை அடித்திருந்தார்கள். கார் போய்விட்டது, வீடும் அடுக்குமாடியாகிவிட்டது. அந்தக் காரின் ஒன்பது சென்ரிமீற்றர்கூட வராத உருவம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது, அந்த இரண்டு சாம்பல்களோடு.

அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும், இந்த வேலையைத் தொடங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: "ஒரு மைனர்" என்று கட்டாதீர்கள், "அந்த மைனர்" என்று கட்டுங்கள். எந்தக் கார், யாருடையது, எந்த வருடம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்குக் காரே பதில் சொல்லிவிடும்.

முதல்முறை கட்டுகிறேன். எந்தக் காரோடு தொடங்கலாம்?

தமியா நிறுவனத்தின் 1/24 மொறிஸ் மினி கூப்பர், அல்லது அதே நிறுவனத்தின் 1966 வொக்ஸ்வாகன் பீட்டில். இரண்டும் பாகங்கள் ஒழுங்காகப் பொருந்தும் கிட்கள், அதாவது நாமே ஒட்டிக் கட்டும் பாகப் பெட்டிகள். இரண்டு கார்களும் கொழும்புத் தெருக்களில் இன்னும் கண்ணில் படுகின்றன. நிஜக் காரைப் போய்ப் பார்த்து, தொட்டு, குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு வந்து மேசையில் உட்காரலாம். படத்தில் மட்டுமே பார்த்த ஃபெராரியை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

1/24, 1/43 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

நிஜக் காரின் அளவை அந்த எண்ணால் வகுத்தால் மாதிரியின் அளவு வரும். பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2400 மி.மீ. 1/24இல் அது சரியாக 100 மி.மீ. மொறிஸ் மைனரின் நீளம் 3759 மி.மீ.; 1/24இல் சுமார் 157, 1/43இல் சுமார் 87.

இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது வேலை முழுக்க உதவும். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மி.மீ. 1/24இல் அது நிஜக் காரில் 1.7 மி.மீ. தடிப்புள்ள கம்பிக்குச் சமம். மாதிரியில் பெயின்ட் 0.1 மி.மீ. தடிப்பாக ஏறிவிட்டால், நிஜக் காரில் 2.4 மி.மீ. தடிப்பில் பெயின்ட் பூசியது போலத் தெரியும். கதவு இடுக்குகள் மூடிப்போவதும், எழுத்துச் சின்னங்கள் மழுங்குவதும் இதனால்தான். மெல்லிய பூச்சு என்பதை நான் ஏன் விடாமல் சொல்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

எனக்கு மொறிஸ் மைனர்தான் வேண்டும். நல்ல பிளாஸ்டிக் கிட் கிடைக்கவில்லையே?

நானும் அப்படித்தான் தேடி அலைந்தேன். கடைசியில் வார்ப்பு உலோக மாதிரி ஒன்றை வாங்கி, பிரித்து, புதிதாகச் செய்தேன். கோர்கியின் வான்கார்ட்ஸ் வரிசையிலும் ஒக்ஸ்ஃபோர்ட் டைகாஸ்டிலும் 1/43 அளவில் மைனர் வந்திருக்கிறது.

அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவிட்டின் தலையை மட்டும் டிரில்லால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். தண்டு உள்ளே இருக்கட்டும். பிறகு அதில் சின்ன ஓட்டை போட்டு மிகச் சிறிய திருகாணியால் மூடலாம். கண்ணாடி, இருக்கை, சக்கரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய சிறு பையில் போடுங்கள். வெறும் உடலுக்கு ஹார்ட்வெயார் கடையில் விற்கும் ஜெல் பெயின்ட் ரிமூவரைப் பூசினால் பழைய பெயின்ட் தோலாக உரியும். கையுறை கட்டாயம். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்க வேண்டாம். இந்த மாதிரிகள் துத்தநாகக் கலவை, காஸ்டிக் அதையும் அரிக்கும். உரித்த பிறகு அச்சுக் கோடுகளை அரத்தால் எடுத்து, உலோகத்துக்கான பிரைமர் ஒன்று அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் நகம் பட்டாலே கழன்று வரும்.

ஒரு மைனர் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் தாத்தாவின் காரைச் சரியாகச் செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்து 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 16 லட்சம் அளவில். வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை, ஆனால் மாறிய இடங்கள் தெளிவானவை.

முதலில் முன்விளக்கைப் பாருங்கள். ஆரம்பக் கார்களில் விளக்குகள் கிரில்லின் இரு பக்கமும் தாழ்வாக இருந்தன. 1950களின் தொடக்கத்திலிருந்து மட்கார்டுக்கு மேலே ஏறின. அடுத்து முன் கண்ணாடி. நடுவில் கோடு பிரித்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள் என்றால் 1956க்கு முந்தியது. வளைந்த ஒரே கண்ணாடி என்றால் 1956இல் வந்த மைனர் 1000, அல்லது அதற்குப் பிந்தியது. பின் கண்ணாடியும் அப்போது பெரிதாயிற்று. மூன்றாவது, கதவுக்குப் பின்னால் உள்ள தூண். 1961 வரை அங்கே ஒரு ஒடுங்கிய பிளவு இருக்கும். திரும்பும்போது அதிலிருந்து ஒரு சிறு கை நீண்டு சைகை காட்டும். அதற்குப் பிறகு மின்னும் விளக்குகள் வந்தன. எஞ்சினும் மாறியது: முதலில் 918 சிசி, 1952 தொடக்கம் ஒஸ்டினின் ஏ வரிசை 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. பொனட்டைத் திறந்து காட்டாவிட்டால் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையைத் தவற விடாதீர்கள். முதல் சோதனைக் கார் தயாரான பிறகு, அகலம் போதவில்லை என்று இசிகோனிஸ் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த அகலம் பிடித்துப்போக, காரே அப்படி அகலப்படுத்தப்பட்டது. பொனட்டில் தெரியும் பட்டை அந்த 4 அங்குலம்தான். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி இடையில் துண்டு வைத்தார்கள். ஆரம்பக் கார்களில் அந்த இணைப்பு தெரியும். 1/24இல் பட்டையின் அகலம் 4.2 மி.மீ. வோட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள்) தேய்க்கும்போது அதன் விளிம்புகள் மழுங்கிவிட்டால் முகமே மைனராக இருக்காது. அந்த இரண்டு விளிம்பிலும் டேப் ஒட்டிவிட்டுத்தான் நான் தேய்ப்பேன்.

சின்ன இடைச்செருகல் ஒன்று: மைனருக்கான தகட்டு உதிரிப்பாகங்கள் பிற்காலத்தில் இலங்கையில் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகியிருக்கின்றன. பிறந்த ஊர்க் கார்களுக்கு நம் ஊர் பாஸ்மார் (கைவினைஞர்கள்) செய்த மட்கார்ட்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

கருவிகளைக் கொழும்பில் எங்கே தேடலாம்?

மாதிரிக் கடை என்று தேடிப் போக வேண்டாம். செட்டியார் தெருவுக்குப் போங்கள். நகைத்தொழில் செய்பவர்களுக்கான சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம், நுனி கூரான சாமணம், அரை மில்லிமீற்றர் டிரில், அதைக் கையால் சுழற்றும் பிடி எல்லாம் கிடைக்கும். பொற்கொல்லர்களின் வேலைக்காகச் செய்தவை என்பதால் தரமும் நன்றாக இருக்கும். நான் வாங்கிய ஒரு அரத்தைப் பல வருடமாகப் பாவிக்கிறேன்.

பாமசியில் 11ஆம் இலக்க சத்திரசிகிச்சைக் கத்தி, பெயின்ட் அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச், பஞ்சுக் குச்சி. ஊசியும் உதவும்: 21 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.8 மி.மீ., 23 கேஜ் 0.6 மி.மீ. கூர்முனையை வெட்டிவிட்டால் நேர்த்தியான துருப்பிடிக்காத குழாய். புறக்கோட்டையில் நகப்பூச்சு அலங்காரச் சாமான் விற்கும் இடங்களில் மிக மெல்லிய தூரிகையும் நகம் மினுக்கும் பல அடுக்குக் குச்சியும் வாங்குங்கள். அந்தக் குச்சி பிளாஸ்டிக் தேய்க்கவே பிறந்தது. மோட்டார் வைன்டிங் செய்யும் கடையில் கேட்டால் 0.2, 0.3 மி.மீ. செப்புக் கம்பித் துண்டுகளைச் சும்மாவே தருவார்கள். ரேடியோ ஏரியலுக்கு கிட்டாரின் மெல்லிய தந்தி போதும், 0.25 மி.மீ. தந்தி 1/24இல் 6 மி.மீ. கம்பியாகும்.

நிஜக் காரின் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. கடைக்காரர் வேலையாக இல்லாத நேரம் பார்த்துப் போய், எதற்கென்று உண்மையைச் சொல்லுங்கள். காபரேட்டரை மேசையில் வைத்து, எந்தக் குழாய் எங்கே போகும் என்று விரலால் காட்டித் தந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெயின்டை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுக்கலாமா?

ஸ்பிரே பேணிகளும் தீப்பற்றும் தின்னரும் விமானத் தபாலில் அனுமதி இல்லாதவை. கிட், டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுச் சின்னங்கள்), கருவிகள் தபாலில் வரட்டும். பெயின்டை இங்கேயே வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே எல்லாப் பாகங்களையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காற்றில் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய் பாகத்தில் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்களை முறுக்கிப் பிய்க்காமல் வெட்டுங்கள். முதலில் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி இன்னொரு வெட்டு. மற்றது கிட்டின் வழிகாட்டித் தாளில் இருக்கிறது.

லக்கர் அடித்தேன். பளபளப்பாக வரவேண்டிய இடம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. ஏன்?

கொழும்பில் கட்டுகிற எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது நடக்கும். எனக்கு ஒக்டோபர் மழையில் நடந்தது. மூன்று வாரம் தேய்த்து ஆயத்தம் செய்த உடல், கரும்பச்சை, கடைசிப் பூச்சு. ஐந்து நிமிடத்தில் கூரை முழுவதும் வெண்படலம். அன்றிரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நடப்பது இதுதான். லக்கர் என்பது கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயின்ட். அந்தக் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், குளிர்ந்த பரப்பில் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் படிந்து, காயும் பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர்ப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான்.

சரி, என்ன செய்யலாம்? புறக்கோட்டையில் ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் பளபளப்பு லக்கர் அடிப்பதில்லை. கொழும்பில் அப்படிப் பார்த்தால் நாளே கிடைக்காது என்பீர்கள். கிடைக்கும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை வெயில் நாட்களில் மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஈரம் இறங்கும். காலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அப்போதுதான் ஈரம் அதிகம். வீட்டில் ஏசி அறை இருந்தால் மாதிரியை முதல் நாள் இரவே அங்கே வைத்து, வெளியே கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அடித்து, உடனே உள்ளே எடுங்கள். ஏசியிலிருந்து குளிரோடு எடுத்து நேரே அடித்தால் அதே வியர்வைதான். பூச்சுகள் மெல்லியதாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து பதினைந்து நிமிடம் விடுங்கள்.

ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் சிறு துப்பாக்கி) பாவிப்பவர்கள் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலக்கலாம். மிஸ்டர் கலரின் லெவலிங் தின்னரில் அதற்கான சேர்மானம் இருக்கிறது. காற்றை அழுத்தும் கொம்பிரசருக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் இடையில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் இல்லாமல் இந்த ஊரில் வேலை செய்யவே கூடாது. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். அரை மணித்தியாலத்தில் அந்தக் கிண்ணத்தில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் நம்புவீர்கள்.

வெளுத்த கார் போனதென்று நினைக்க வேண்டாம். காய்ந்த ஒரு நாளில் அந்தத் தின்னரை மட்டும் மிக மென்மையாக ஒரு தூவல் அடித்தால் மேல்பரப்பு இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். என் கரும்பச்சை அப்படித்தான் பிழைத்தது.

வாகன பெயின்ட் கடையின் ஸ்பிரேயை பிளாஸ்டிக்கில் அடிக்கலாமா?

நேரடியாக வேண்டாம். அதன் தின்னர், மாதிரியின் பிளாஸ்டிக்கைக் கடித்து வெடிப்புக் கோடுகள் விழுத்தும். பிளாஸ்டிக்குக்கு உகந்த பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, நன்றாகக் காயவிட்டு, சட்டத்துண்டில் பரீட்சித்த பிறகு காருக்கு வாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பல்கனியில், அடுப்பு அணைத்துவிட்டு, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி போட்டு அடியுங்கள். துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

நிறத்தை எப்படித் தெரிவு செய்வது?

மைனருக்குத் தொழிற்சாலை கொடுத்த நிறங்களில் கிளாரெண்டன் சாம்பல், ஓல்ட் இங்கிலிஷ் வெள்ளை, ஆமண்ட் பச்சை, டிரஃபல்கர் நீலம், கறுப்பு எல்லாம் உண்டு. ஆனால் கொழும்பு வெயிலில் அறுபது வருடம் நின்ற காரில் தொழிற்சாலை நிறம் எங்கே இருக்கப்போகிறது? எத்தனையோ தடவை மறுபூச்சு பூசியிருப்பார்கள். நிற அட்டையை காருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கிடைத்த நிறத்தில் ஓரிரு துளி வெள்ளை கலவுங்கள். சிறிய பொருளில் அதே நிறம் கொஞ்சம் கருமையாகத் தெரியும். உலோக மினுமினுப்புள்ள நிறங்களை இந்தக் காலக் கார்களுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

குரோம் பாகங்கள் பொம்மை போலத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

கிட்டில் வரும் குரோம் தடிப்பானது. வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் தெரியும், அச்சுக் கோடும் போகாது. துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரைந்துவிடும். பிளீச்சோடு கழிவறை சுத்திகரிப்பான் எதையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். பிறகு கோடுகளைத் தேய்த்து எடுத்து, பளபளப்புக் கறுப்பு அடித்து, அது முழுமையாகக் காய்ந்ததும் நகக் கடையில் விற்கும் குரோம் தூளை விரல் நுனியால் தேயுங்கள். 1950களின் குரோம் போலவே ஆழமாக வரும்.

கண்ணாடி ஓரத்து வெள்ளிக் கீற்றுகளுக்குத் தூரிகையை நம்ப வேண்டாம். ஒட்டும் உலோகத் தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சொக்லட் சுற்றிவரும் மெல்லிய தாளை எடுத்து, பின்பக்கம் தங்க இலை ஒட்டும் பசையைத் தடவி, அது ஒட்டும் பதம் வந்ததும் பதித்து, பஞ்சுக் குச்சியால் அழுத்தி, புதுக் கத்தியால் ஓரம் வெட்டுங்கள். ஒரு யன்னலுக்கு ஒரு புது அலகு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒட்டிய பிறகு கண்ணாடி மங்கிப்போனது.

சுப்பர் குளூவின் ஆவிதான். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் தண்ணீரில் துடைக்கலாம்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. இலங்கைக் கார் ஆக்க முடியுமா?

மினிக்கும் மைனர் 1000க்கும் இது சுலபம். வேகமானி டாஷ்போர்டின் நடுவில் இருப்பதால் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் மாற்றினால் கிட்டத்தட்ட முடிந்தது. பீட்டிலில் வேகமானி ஓட்டுநருக்கு நேரே இருப்பதால் டாஷ்போர்டை வெட்டி மாற்ற வேண்டும். எதுவானாலும் வைப்பர்களை மறந்துவிடாதீர்கள். அவை எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்பது பல கார்களில் ஓட்டுநரின் பக்கத்தைப் பொறுத்தது. படத்தைப் பார்த்து வையுங்கள்.

எஞ்சினில் எவ்வளவு நுணுக்கம் போகலாம்?

பொனட் திறந்து காட்டினால் மூன்று விடயம் போதும்: பிளக் வயர், பெட்டரி வயர், ரேடியேட்டர் குழாய். பிளக் வயரின் நிஜத் தடிப்பு 7 மி.மீ. அளவு, 1/24இல் 0.3 மி.மீ. வைன்டிங் கடைக் கம்பியைக் கறுப்பாக்கினால் சரியாக இருக்கும். ஏ வரிசை எஞ்சினில் தீப்பற்றும் ஒழுங்கு 1-3-4-2. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் விநியோகியின் மூடியிலிருந்து அந்த ஒழுங்கில் வயரைக் கொண்டுபோனால், கராஜில் வேலை செய்த ஒருவர் பார்த்ததும் முகம் மலர்வார். என் மாமா மலர்ந்தார். எஞ்சின் கட்டை பச்சை நிறம். பளபளப்பாக விடாமல், கரும்பழுப்பை நிறைய தின்னரில் கரைத்து மேலே ஓடவிட்டால் எண்ணெய்க் கசிவு வந்துவிடும்.

உட்புறத்துக்கு என்ன செய்யலாம்?

இருக்கைகளுக்குப் பளபளப்பில்லாத பூச்சு. விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிறிய நிறம், மனிதர் ஏறி இறங்கித் தேய்ந்த இடம் அது. தரைவிரிப்புக்கு கம்பளி நூலைத் தூளாக நறுக்கி, ஈரப் பெயின்டின் மேல் தூவுங்கள். 1950களின் காருக்கு இருக்கைப் பட்டி கட்டாதீர்கள், அப்போது வழக்கத்தில் இல்லை.

அதற்குப் பிறகுதான் கார் யாருடையது என்பது வருகிறது. டாஷ்போர்டில் பிள்ளையார் இருந்தாரா, வேளாங்கண்ணி மாதாவா, பிறை பொறித்த ஸ்டிக்கரா? முன்னால் தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கியதா? தேசிக்காய் 1/24இல் ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய உருண்டை, இடுக்கு நிரப்பும் பட்டியில் (putty) உருட்டலாம். பின் கண்ணாடிக்குக் கீழே மடித்து வைத்த துவாய், ஒரு பத்திரிகை. எங்கள் ஒழுங்கைக் காரின் பின் இருக்கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை கிடந்தது. என் மாதிரியிலும் கிடக்கிறது. யன்னல் வழியே எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இலக்கத் தகடு எப்படி இருக்க வேண்டும்?

காரின் காலத்தைச் சரியாகச் சொல்லும் பாகம் இதுதான், பலர் கவனிக்காமல் விடுவதும் இதுதான். 1950களின் நடுப்பகுதி வரை பதிவான கார்களுக்கு சீஎல், சீஎன், ஈஎல், ஈஎன் போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இலக்கமும். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. அதன் பிறகு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள ஸ்ரீ வந்தது. 2000இல் மீண்டும் ஆங்கில எழுத்து முறை வந்தது. ஆனால் பழைய கார்கள் தங்கள் பழைய இலக்கத்தோடுதான் இன்னும் ஓடுகின்றன.

அந்த ஸ்ரீ நம்மவர்களுக்கு வெறும் எழுத்தாக இருக்கவில்லை. 1957இல் அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958 கலவரத்துக்கு முன் சூழலைக் கொதிக்க வைத்தவற்றில் அந்த எழுத்துப் போராட்டமும் ஒன்று. உங்கள் தாத்தாவின் காரில் தமிழ் ஸ்ரீ இருந்ததென்று வீட்டில் சொன்னால், அதை அப்படியே செய்யுங்கள். ஐந்து மில்லிமீற்றர் உயரத் தகட்டில் அந்தக் குடும்பத்தின் ஒரு வருடம் இருக்கிறது.

செய்முறை எளிது. கணினியில் பெரிதாக வரைந்து, சரியான அளவுக்குச் சுருக்கி, புகைப்படத் தாளில் அச்சிடுங்கள். பின்பக்கத் தாள் அடுக்கை உரித்து மெல்லியதாக்கி, வெட்டிய வெள்ளை ஓரங்களைக் கறுப்புப் பேனையால் தொட்டுவிட்டு ஒட்டுங்கள். இப்போதும் ஓடுகிற ஒருவரின் காருடைய முழு இலக்கத்தையும் போட்டுப் படம் வெளியிடுவதென்றால் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

துருவும் பழமையும் காட்டலாமா, புதுக் கார் போல வைப்பதா?

கார் எப்படி இருந்ததோ அப்படி. காலி வீதியின் கடற்கரைப் பக்கம் நின்ற கார் என்றால் உப்புக்காற்று முதலில் குரோமில் புள்ளி போடும். பிறகு முன் மட்கார்டின் கீழ் ஓரம், கதவின் அடி, கதவுக்குக் கீழுள்ள பட்டை. துரு எப்போதும் தண்ணீர் தேங்கும் இடத்தில் கீழிருந்து மேலே வரும். கூரை நடுவில் துரு தீட்டினால் பார்ப்பவர் நம்பமாட்டார். துருநிறத்தை முதலில் அடித்து, தண்ணீர் தொட்டு, கல் உப்பைப் பொடித்து அந்த இடங்களில் மட்டும் தூவி, காய்ந்ததும் கார் நிறத்தை அடியுங்கள். பிறகு உப்பைத் தட்டிவிட்டால் பெயின்ட் உரிந்து துரு தெரியும். தூள் மிக நுண்மையாக இருக்க வேண்டும்: 1/43இல் கால் மில்லிமீற்றர் புள்ளி நிஜக் காரில் ஒரு சென்ரிமீற்றர் ஓட்டை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓடிய காரென்றால் வேறு கதை. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. புகைக்குழாயின் வாயையும் அதற்கு மேலுள்ள பம்பரையும் கரியாக்குங்கள். பென்சில் கரித்தூளைத் தூரிகையால் தட்டினால் போதும்.

சில வருடத்தில் டயர் பட்ட இடத்தில் சக்கரம் உருகியிருந்தது. ஏன்?

மென்மையான டயர்களில் உள்ள எண்ணெய்த்தன்மையான சேர்மானம் மெல்ல வெளியேறி பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. நம் சூட்டில் அது இன்னும் வேகம். டயர் மாட்டுவதற்கு முன் சக்கரத்தின் விளிம்பில் மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள்.

முடித்த மாதிரியை எப்படி வைப்பது?

மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பை, நேர் வெயில் படாத சுவர். இரண்டு மாதத்துக்கொருமுறை பையைச் சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பழைய உலோக மாதிரிகளில் வெடிப்போ வீக்கமோ கண்டால் தனியாக எடுத்து வையுங்கள். துத்தநாகக் கலவையில் கலப்படம் இருந்தால் ஈரமும் சூடும் சேர்ந்து அதை உள்ளிருந்து நொறுக்கும், அதற்கு மருந்து இல்லை. எந்த மாதிரியையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கார் இப்போது இல்லை. குடும்பப் படம் ஒன்றுதான், அதுவும் கறுப்பு வெள்ளை. அதை வைத்துச் செய்ய முடியுமா?

முடியும். நானும் அப்படித்தான் செய்தேன். பக்கவாட்டில் எடுத்த படமென்றால் இரண்டு சக்கர மையங்களுக்கும் இடைத்தூரத்தை அளவுகோலால் அளவுங்கள். மைனரில் அது 2184 மி.மீ. அதை வைத்துப் படத்திலுள்ள மற்ற எல்லாவற்றையும் கணக்கிடலாம்: கூரைக் கரியரின் நீளம், பிற்பாடு பொருத்திய பக்கக் கண்ணாடியின் உயரம், மட்கார்டில் விழுந்த அடியின் அகலம். சாய்வாக எடுத்த படமென்றால் ஆட்களின் உயரம் கை கொடுக்கும். காருக்குப் பக்கத்தில் நிற்கும் மாமாவின் உயரம் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

நிறத்துக்கு ஆட்களிடம் போங்கள். "என்ன நிறம்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நாலைந்து சாம்பல்களை அட்டையில் பூசிக்கொண்டுபோய் முன்னால் வையுங்கள். நான் அம்மாவிடம் ஏழு அட்டைகள் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, யன்னலடிக்குப் போய், ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்தை ஒதுக்கிவிட்டு இரண்டைக் கையில் வைத்திருந்தார். "இது கார்" என்றார். மற்றதைத் திருப்பிக் காட்டி, "இது அந்த மட்கார்ட்."